காருக்கு ஒரு மைதானம்

எங்கள் தெருக் கோடியில் ஒரு பழைய கிடங்கு இருக்கிறது. உயரமான தகரக் கூரை. நடுவில் தூண் கிடையாது. ஷட்டில் ஆடுவதற்கென்றே யாரோ கட்டி வைத்தாற்போல் இருக்கும். என் சிநேகிதர் ஒருவருடைய பிள்ளை அதைக் குத்தகைக்கு எடுத்து மூன்று கோர்ட்டுகள் போட ஆசைப்பட்டான். தெருவிலுள்ள பெண் குழந்தைகள் அவனைவிட அதிகமாக ஆசைப்பட்டன. இருட்டிய பிறகும் பயமில்லாமல் ஓடியாட அவர்களுக்கு வேறு இடம் எங்கே இருக்கிறது?

கிடங்கு இன்றும் பூட்டித்தான் கிடக்கிறது. கார் நிறுத்த இடம் போதாதாம்.

அவனுக்குத் துணையாக நானும் அலுவலகத்துக்குப் போயிருந்தேன். “பரப்பு எத்தனை சதுர அடி?” என்று கேட்டார்கள். பட்டியலைப் பார்த்தார்கள். இத்தனை கார்களுக்கு இடம் வேண்டும் என்றார்கள். “ஒரே சமயத்தில் எத்தனை பேர் ஆடுவார்கள்?” என்று மட்டும் யாரும் கேட்கவில்லை.

வாசகர்கள் தயவு செய்து என்னோடு கொஞ்சம் கணக்குப் போட வேண்டும். ஷட்டில் கோர்ட்டின் நீளம் 44 அடி, அகலம் 20 அடி. ஆக 880 சதுர அடி. அதில் ஆடுகிறவர்கள் மிஞ்சிப் போனால் நாலு பேர். காரம் பலகைக்கும் நாலு பேர்தான். பலகையையும் நாலு நாற்காலியையும் எட்டடிக்கு எட்டடியில் போட்டுவிடலாம். அதாவது ஒரு கோர்ட்டின் இடத்தில் பதின்மூன்று காரம் பலகைகள், 52 பேர்! பரப்பை மட்டும் அளக்கிற பட்டியலுக்கு நாலு பேரும் ஒன்று, ஐம்பத்திரண்டு பேரும் ஒன்று.

மூன்று கோர்ட்டில் பன்னிரண்டு பேர் ஆடுவார்கள். ஒரு கூட்டம் வியர்வையைத் துடைத்துக்கொண்டு கிளம்பும்போது அடுத்த கூட்டம் உள்ளே நுழையும். ஆகவே நெருக்கடியான அந்தப் பத்து நிமிஷத்தில் இருபத்து நாலு பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர்களில் நடந்து வருகிறவர்கள் எத்தனை பேர், சைக்கிளிலும் ஸ்கூட்டரிலும் வருகிறவர்கள் எத்தனை பேர், ஒரே காரில் நாலு பேராக வந்து இறங்குகிறவர்கள் எத்தனை பேர் என்பதைத்தான் விசாரிக்க வேண்டும். மூன்று கோர்ட்டிலும் ஆட்டம் ஒரே மணிக்குத் தொடங்காமல் இருபது நிமிஷம் தள்ளித் தள்ளித் தொடங்கினால் அந்த நெருக்கடியும் பாதிக்கு மேல் தீர்ந்துபோகும். பட்டியலில் இதற்கெல்லாம் கட்டம் கிடையாது.

ஒரு கார் நிற்கவும், அது வந்து திரும்பவும் சுமார் 300 சதுர அடி வேண்டும். பத்துக் கார் என்றால் 3,000 சதுர அடி. மூன்று கோர்ட்டுகளையும் தூக்கி விழுங்கிவிடக்கூடிய இடம் அது. மனிதன் ஆடுவதற்கு எவ்வளவு தரையோ, கார் சும்மா நிற்பதற்கும் அவ்வளவு தரை!

இந்த வழக்கத்தை நாம் கண்டுபிடிக்கவில்லை. அமெரிக்காவில் கொலம்பஸ் நகரம் 1923-ல் அடுக்கு வீடுகளுக்கு இப்படி ஒரு விதி போட்டது. 1939-ல் ஃப்ரெஸ்னோ நகரம் ஹோட்டல்களுக்கும் ஆஸ்பத்திரிகளுக்கும் போட்டது. பிறகு ஊருக்கு ஊர் பரவியது. டொனால்ட் ஷூப் என்ற பேராசிரியர் 2005-ல் இதைப் பற்றித் தடித்த புத்தகம் ஒன்றை எழுதி, அந்த எண்களின் ஆதாரத்தைக் கிளறிப் பார்த்தார். இலவசமாகக் கார் நிறுத்தக் கிடைக்கும், பஸ் எட்டிப்பார்க்காத புறநகர்களில் உச்ச நேரத்தில் எண்ணிய கணக்கைக் கொண்டுவந்து எல்லா இடத்துக்கும் குறைந்தபட்ச விதியாக்கியிருந்தார்கள் என்று காட்டினார். ஷூப் 2025-ல் காலமானார். அதற்குள் 2017-ல் பஃபலோ நகரமும் 2023-ல் ஆஸ்டின் நகரமும் அந்த விதியையே எடுத்துவிட்டன. அவர்கள் கழற்றி எறிகிற சட்டையை நாம் ஏன் இன்னும் மடிப்புக் கலையாமல் போட்டுக்கொள்ள வேண்டும்?

“உங்கள் வீட்டு வாசலில் எவனாவது காரை நிறுத்தினால் தெரியும்!” என்று சிலர் கோபிப்பார்கள். நியாயமான கோபம். என் வாசலிலும் நிறுத்தியிருக்கிறார்கள், நானும் கத்தியிருக்கிறேன். ஆனால் வாசலை மறிப்பவனுக்கு அபராதம் போடுவது ஒரு காரியம். மறிப்பான் என்று பயந்து மைதானத்தையே பூட்டி வைப்பது வேறொரு காரியம். முதலாவதைச் செய்ய ஆள் வேண்டும், தினசரி உழைப்பு வேண்டும். இரண்டாவதற்கு ஒரு ரப்பர் முத்திரை போதும். அதனால்தான் இரண்டாவது நடக்கிறது.

இடமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆட்களை எண்ணுங்கள்; நேரத்தை எண்ணுங்கள். மாலை ஐந்து மணிக்கு மேல் காலியாகக் கிடக்கும் பக்கத்து ஆபீஸ் முற்றத்தை வாடகைக்குப் பேசிக்கொள்ள அனுமதியுங்கள். சைக்கிளுக்கு ஒரு கொட்டகை போடச் சொல்லுங்கள். அதன் பிறகும் இடம் போதவில்லை என்றால் அப்போது மறுங்கள். ஒருவரும் குறை சொல்ல முடியாது.

நேற்று மாலை அந்தக் கிடங்கு வழியாக வந்தேன். வாசலில் மூன்று குழந்தைகள் நடுத் தெருவிலேயே ஷட்டில் ஆடிக்கொண்டிருந்தார்கள். ஒரு கார் ஹாரன் அடித்தது. குழந்தைகள் ஒதுங்கி வழிவிட்டார்கள்.