தஸ்தாவேஜை ஒளிப்பவனுக்கு வாய்தா

சிவில் கோர்ட்டில் வழக்காடுகிறவர்கள் படும் கஷ்டங்களில் பெரியது, உண்மையைக் காட்டக்கூடிய தஸ்தாவேஜு எதிரியின் பெட்டிக்குள் இருப்பதேயாகும். தகப்பனார் இறந்தபின் பாகம் கேட்கும் ஒரு பெண்ணை எடுத்துக்கொள்ளுவோம். கூட்டுக்குடும்பச் சொத்தில் மகனைப்போலவே மகளுக்கும் பங்குண்டு என்று இந்து வாரிசுச் சட்டத்தின் 2005-ம் வருஷத்துத் திருத்தம் சொல்லுகின்றது. ஆனால் கிரயப் பத்திரமும், பாங்கிப் புத்தகமும், வாடகைக் கணக்கும் அண்ணன் கையில் இருக்கின்றன. பங்கு அவளுக்கு, காகிதம் அவனுக்கு!

இதற்கு வழியில்லையா என்றால், 1908-ம் வருஷத்து சிவில் நடைமுறைச் சட்டத்தில் 11-வது கட்டளை இருக்கின்றதே என்பார்கள் வக்கீல்கள். எதிரியிடமுள்ள தஸ்தாவேஜுகள் இன்னின்னவை என்று பிரமாணத்தின் பேரில் சொல்லும்படி மனுப் போடலாம், பார்வையிடக் கேட்கலாம். போட்டால் நடப்பதென்ன? பதிலுரைக்கு வாய்தா, விவாதத்துக்கு வாய்தா, உத்தரவானால் ஹைக்கோர்ட்டில் சீராய்வு மனு. இதற்குள் அசல் வழக்கு தூங்கிப்போகும். கடைசியில், "அப்படியொரு தஸ்தாவேஜே என்னிடம் இல்லை" என்று கடவுள் சாட்சியாக ஒரு சத்தியக் கடுதாசி வரும். கடவுளை இவ்வளவு தைரியமாகக் கூப்பிடுகிற இடம் வேறு இருப்பதாக நமக்குத் தெரியவில்லை.

உத்தரவுக்குக் கீழ்ப்படியாதவன் வாதியானால் வழக்குத் தள்ளுபடி, பிரதிவாதியானால் அவன் எதிர்வாதமே அடிபடும் என்று 21-வது விதி பயமுறுத்துகின்றது. ஆனால் வேண்டுமென்றே செய்த தவறாயிருந்தாலொழிய எதிர்வாதத்தை அடிக்கக்கூடாதென்று 1978-ல் சுப்ரீம் கோர்ட்டு சொல்லிவிட்டது. அது நியாயந்தான். ஆயினும், ஒளிக்கத் தெரிந்தவனுக்கு "வேண்டுமென்று செய்யவில்லை" என்று சொல்லத் தெரியாதா?

இனி இதன் மறுபக்கத்தைப் பார்ப்போம். 2015-ம் வருஷத்து வணிக நீதிமன்றச் சட்டம் வியாபார வழக்குகளுக்கு மட்டும் வேறு விதி செய்திருக்கின்றது. அங்கே இரு கட்சிக்காரரும், தங்களுக்குச் சாதகமானாலும் பாதகமானாலும், வழக்கைச் சேர்ந்த தஸ்தாவேஜுகளை யாரும் கேட்காமலே ஆரம்பத்தில் பட்டியல் போட்டுக் கொடுக்க வேண்டும். எதிர்வழக்குரை தாக்கலான 30 நாளுக்குள் பார்வையிட்டு முடிக்க வேண்டும். தகராறு வந்தால் அந்த மனுவையும் 30 நாளில் தீர்க்க வேண்டும். மறைத்தவன் தலையில் தண்டச் செலவு விழும். பாகம் கேட்கும் பெண்ணின் வழக்கிலோ, ஒருவன் தான் நம்பியிருக்கும் தஸ்தாவேஜைக் காட்டினால் போதும். தன்னைக் காட்டிக் கொடுப்பதைப் பெட்டியில் வைத்துப் பூட்டலாம்.

வியாபாரி வியாபாரியிடம் ஒளிக்கக்கூடாது, அண்ணன் தங்கையிடம் ஒளிக்கலாம் என்பது எந்த ஊர் நியாயமென்று கேட்கின்றோம். எதிரியின் வீட்டில் வலைவீச இடங்கொடுத்ததாகும் என்று சிலர் ஆட்சேபிப்பார்கள். லட்சக்கணக்கில் கொடுக்கல் வாங்கல் செய்கிறவர்கள் பொறுத்துக்கொள்ளும் வலையை, குடும்பச் சொத்தை அனுபவித்துக்கொண்டிருப்பவர் பொறுக்கமாட்டாரோ? வக்கீலுக்கும் கட்சிக்காரருக்கும் நடந்த ரகசியப் பேச்சை யாரும் கேட்கவில்லை. அதற்குப் பாதுகாப்பு இருக்கவே செய்கின்றது.

இதற்குப் பார்லிமெண்டுக்குப் போய்க் காத்துக்கிடக்க வேண்டியதுமில்லை. நடைமுறைச் சட்டத்தின் 122-வது பிரிவு, இந்த விதிகளைத் திருத்தும் அதிகாரத்தை ஹைக்கோர்ட்டுகளுக்கே கொடுத்திருக்கின்றது. மாகாண சர்க்காரின் சம்மதம் மட்டும் வேண்டும். 2015-ம் வருஷத்து விதியை எல்லா சிவில் வழக்குகளுக்கும் ஆக்கும்படி நாம் இவ்விரு இடங்களையுமே கேட்கின்றோம்.