படிகாரக் கணக்கு

காஞ்சிப் பட்டின் அரக்குச் சிவப்பைப் புகழாதார் இல்லை. 1856-ல் பெர்க்கின் என்ற ஆங்கில இளைஞர் செயற்கைச் சாயத்தைக் கண்டுபிடிக்கும் வரையில், வேரும் பட்டையும் தந்த சாயங்களே உலகத்துக்கு வர்ணம் கொடுத்தன. அவற்றில் பெரும்பாலானவை படிகாரத்தின் துணையின்றி நூலைப் பற்றமாட்டா. பழைய முறையில் சாயமேற்றுவோருக்கு இன்றும் அது வேண்டியிருக்கிறது.

ஆனால் படிகாரத்தில் இரும்பு சிறிது கலந்திருந்தாலும் சிவப்பு கறுத்துவிடும்; விலையுயர்ந்த பட்டு வீண். ஆகவே வெந்நீரில் கரைத்து, வடிகட்டி, ஆறவிட்டு மீண்டும் படிய வைப்பது உத்தமம். இரும்பு பெரும்பாலும் நீரிலேயே தங்கிவிடும். போட்டதில் எவ்வளவு திரும்பி வரும் என்பதுதான் கேள்வி.

60 டிகிரி சூட்டில் 10 கிலோ தண்ணீர் 5 கிலோ 740 கிராம் படிகாரத்தைக் கரைத்துக்கொள்ளும். 30 டிகிரிக்கு ஆறினால் 1 கிலோ 660 கிராமுக்குத்தான் இடமுண்டு. மீதி 4 கிலோ 80 கிராம் பளிங்காகப் படியும். மார்கழி விடியலில் 20 டிகிரிக்கு இறங்கினால் இன்னும் அரைக் கிலோ லாபம்! எஞ்சிய நீரைக் கொட்டாமல் அடுத்த முறைக்கு வைத்துக்கொள்ளலாம்; ஆனால் ஓயாமல் அதையே உபயோகித்தால் இரும்பு சேர்ந்துகொண்டே போகும்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. சில புத்தகங்களின் அட்டவணையில் 60 டிகிரிக்கு 24.8 என்றும், 30 டிகிரிக்கு 8.4 என்றும் காணும். அதை நம்பிக் கழித்தால் 1 கிலோ 640 கிராம்தான் வரும். அட்டவணை பொய்யன்று, அது நீர் நீங்கிய படிகாரத்தின் கணக்கு. கடையில் வாங்கும் கட்டியிலோ நூற்றுக்கு 46 பங்கு தண்ணீரே! பளிங்கு படியும்போது அந்தத் தண்ணீரையும் தன்னோடு இழுத்துக்கொண்டு போகிறது. கட்டியையே நிறுத்து எழுதிய அட்டவணையைப் பார்த்தால் வெறும் கழித்தலே போதும்.

சமையலுப்பிடம் இந்த வித்தை பலிக்காது. 60 டிகிரியில் 100 கிராம் நீரில் 37 கிராம் கரையும். 30 டிகிரியில் 36. ஆறவைத்தால் கிடைப்பது ஒரு சிட்டிகை. 1930 ஏப்ரல் 30-ந் தேதி வேதாரண்யத்தில் ராஜாஜி அள்ளிய உப்பு, குளிர்ச்சியால் விளைந்ததல்ல. வெயில் நீரைக் குடித்துவிட்டு மிச்சம் வைத்தது.