ஆலோசனையும் அமானிதமும்

படித்தோம், பணியில் சேர்ந்தோம், அதே பணியில் ஓய்வு பெற்றோம் என்னும் வாழ்க்கை இன்று எல்லார்க்கும் வாய்ப்பதில்லை. நாற்பதை நெருங்கும் வயதில், குடும்பப் பொறுப்புகளைச் சுமந்துகொண்டே, பழகிய துறையை விட்டு வேறு துறைக்குச் செல்லவேண்டிய கட்டாயம் பலருக்கு நேர்கிறது. வாணியம்பாடி, ஆம்பூர், இராணிப்பேட்டைப் பகுதிகளில் தோல் தொழிலை நம்பிய குடும்பங்கள் இதனை நன்கறியும். வேலூர் குடிமக்கள் நல மன்றத்தின் வழக்கில் 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு, கழிவுநீரைச் சுத்திகரிக்காத தோல் ஆலைகள் இயங்கலாகாது என வற்புறுத்தியது. பாலாற்றைக் காக்க அத்தீர்ப்பு இன்றியமையாதது. எனினும், ‘இத்தொழில் நம் பிள்ளைகளுக்கும் சோறு போடுமா?’ என்ற வினா அன்றே பல வீடுகளில் எழுந்தது.

இவ்வினாவுக்கு விடை தருவதாகக் கூறி இன்று முன்வருவோரே ‘கேரியர் கன்சல்டன்ட்’ எனப்படும் தொழில் ஆலோசகர்கள். பணம் கொடுத்து இவர்களை நாடலாமா? நாடலாம் என்பதே என் கருத்து. ஆனால், ஒரு நிபந்தனை உண்டு.

ஆலோசனை கேட்பது இழிவன்று. திருக்குர்ஆனின் 42ஆம் அத்தியாயம் ‘அஷ்ஷூரா’, அதாவது ‘ஆலோசனை’ என்றே பெயர் பெற்றுள்ளது. வள்ளுவரோ பெரியாரைத் துணைக்கோடலுக்குத் தனி அதிகாரமே வகுத்தார். மேலைநாட்டில் இது ஒரு துறையாக உருப்பெற்றது 1908இல்தான். அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் பிராங்க் பார்சன்ஸ் என்பார் தொழில் வழிகாட்டு நிலையம் ஒன்றை அவ்வாண்டில் தொடங்கினார். அவர் மறைவுக்குப்பின் 1909இல் வெளிவந்த அவரது நூல் மூன்று படிகளைக் கூறுகிறது: தன்னை அறிதல், தொழிலை அறிதல், இவ்விரண்டின் பொருத்தத்தை ஆராய்தல். வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்று திருக்குறளில் அடுத்தடுத்து நிற்கும் மூன்று அதிகாரங்களைப் பயின்ற நமக்கு இம்முறை புதிதாகத் தோன்றாது.

அவ்வாறாயின் பிழை எங்கே நேர்கிறது? என் பழைய மாணவர் ஒருவரின் பட்டறிவு இதற்குச் சான்றாகும். காலணித் தொழிற்சாலையொன்றில் பதினான்கு ஆண்டுகள் தரக் கட்டுப்பாட்டு மேற்பார்வையாளராக இருந்த அவர், ஆலோசகர் ஒருவரிடம் நாற்பதாயிரம் ரூபாய் செலுத்தினார். இரண்டே அமர்வுகளில் அவருக்குக் கிடைத்த அறிவுரை, குறிப்பிட்டதொரு நிறுவனத்தில் கணினி மென்பொருள் பயிற்சி பெறுக என்பதே. மனைவியின் நகையை அடகு வைத்து அங்கும் பணம் கட்டினார். வேலை கிடைக்கவில்லை. தாம் கட்டிய பயிற்சிக் கட்டணத்தில் ஆலோசகருக்கும் ஒரு பங்கு சென்றது என்பதைப் பின்னரே அறிந்தார்.

ஆலோசனை கேட்கப்படுபவர் அமானிதத்தை ஏற்றவர் என்பது நபிமொழி தரும் நெறி. உழைப்புக்குக் கூலி பெறுவது ஹலாலே. மருத்துவரும் வழக்கறிஞரும் கட்டணம் பெறத்தான் செய்கின்றனர். ஆனால், வழி கேட்டவனிடமும் கூலி வாங்கி, அவனை அனுப்பிவைத்த கடைக்காரனிடமும் கூலி வாங்குபவர் ஆலோசகர் அல்லர்; தரகர். தரகு வேலையும் தவறன்று. அதை மறைப்பதே அமானித மோசடி.

எனவே, பணம் செலுத்துமுன் மூன்று வினாக்களைக் கேட்க வேண்டும். நீங்கள் தருவது அறிவுரையா, வேலையா? என்னைத் தவிர வேறு எவரிடமேனும் இதன்பொருட்டுப் பணம் பெறுகிறீர்களா? எத்தனை அமர்வு, என்ன கட்டணம் என்பதை எழுத்தில் தருவீர்களா? இவற்றுக்கு நேரிய விடை தருபவரைத் தயங்காது நாடலாம். வேலைக்கே உறுதி கூறி முன்பணம் கேட்பவரிடமிருந்து விலகுவதே அறிவு. வேலை தேடித்தரும் தனியார் முகவர்கள் தொழிலாளரிடம் கட்டணம் பெறலாகாது என்பதைப் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 1997இல் தன் 181ஆம் உடன்படிக்கையில் பொதுவிதியாகவே வைத்தது. மேலும், மைய அரசு 2015இல் தொடங்கிய தேசியத் தொழில் வழிகாட்டுச் சேவை கட்டணமின்றியே கிடைக்கிறது. அதனைப் பார்த்தபின் பணப்பையைத் திறக்கலாம்.

அம்மாணவரின் கதை அத்துடன் முடியவில்லை. அவருடன் பயின்ற நண்பர் ஒருவர், ஒரு மாலைப்பொழுதில் அவர் செய்துவந்த பணிகளை ஒவ்வொன்றாகச் சொல்லக் கேட்டார். மாதிரி எடுத்துச் சோதித்தல், குறைகளைப் பதிவு செய்தல், காரணத்தைக் கண்டறிதல், ஏற்றுமதிக் கெடுவுக்குள் முடித்தல்: இவை தோலுக்கு மட்டும் உரிய திறன்கள் அல்லவே என்றார். இன்று அவர் மோட்டார் வாகன உதிரிபாக ஆலையொன்றில் தரப் பிரிவில் பணிபுரிகிறார். பதினான்கு ஆண்டு உழைப்பைத் தூக்கியெறியச் சொன்னவர் கட்டணம் பெற்றார். அதன் மதிப்பை எடுத்துக்காட்டியவர் ஒரு தேநீரோடு விடைபெற்றார்.

இத்தகைய நண்பர் எல்லார்க்கும் தற்செயலாகக் கிடைப்பதில்லை. நம் கல்லூரியிலிருந்து சென்றோர் பல துறைகளிலும் பரவியுள்ளனர். அவர்தம் பெயரையும் தொழிலையும் குறித்த பதிவேடு ஒன்று துறைதோறும் இருந்து, திங்களுக்கு ஒருமுறை அவர்களுள் சிலர் வந்தமர்ந்தால், அடகுக் கடைக்குச் செல்லும் நகைகள் சில வீட்டிலேயே தங்கும். இப்பணியை நம் தமிழ்த்துறையே முதலில் தொடங்கட்டும்.