வளவில் முளைத்த வெள்ளைக் குடைகள்

ஐப்பசி மழை இரண்டு நாள் விடாது பொழிந்து ஓய்ந்த காலைப்பொழுது. எங்கள் வளவிலே, தென்னைகளுக்கு இடையிலுள்ள புற்றரையில், வெண்ணிறக் காளான்கள் பத்துப் பன்னிரண்டு விரிந்து நின்றன. சின்னமகள் அவற்றைச் சுளகு நிறையப் பிடுங்கிக்கொண்டு அடுக்களைக்கு ஓடிவந்தாள். "வெள்ளிக் காசொன்றைப் போட்டு அவிப்போம், காசு கறுக்காவிட்டால் நஞ்சில்லை" என்றார் ஆச்சி.

ஆச்சியின் சொல்லைத் தட்டுவது எளிதன்று. ஆயினும் அடுப்பை மூட்ட நான் உடன்படவில்லை. வெள்ளியைக் கறுக்கச் செய்வது கந்தகச் சேர்வை. அவித்த முட்டையும் அதனைக் கறுக்கச் செய்யும். காளானின் நஞ்சுக்கும் அதற்கும் தொடர்பில்லை. நத்தை தின்ற காளான் நல்லது என்பதும் அத்தகைய நம்பிக்கையே. நத்தைக்கு ஒத்துக்கொள்வது நமக்கும் ஒத்துக்கொள்ள வேண்டுமென்பதில்லை.

நாங்கள் செய்த சோதனை வேறு. விரிந்த காளான் ஒன்றின் காம்பை அறுத்து, குடையை அடிப்புறம் கீழாக வெள்ளைத் தாளில் வைத்து, கண்ணாடிக் குவளையால் மூடினோம். மறுநாட் காலை குடையை எடுத்தபோது தாளிலே பசிய தூள் படிந்திருந்தது. அத்தூளே காளானின் வித்திகள். பச்சை வித்தியுடைய இக்காளானைக் குளோரோபிலம் மொலிப்டைட்டீசு என்பர். இளமையில் இதன் அடிப்புறம் தூய வெண்மையாயிருக்கும். முதிர்ந்த பின்னரே பசுமை தட்டும். உண்டவரை ஒன்று முதல் மூன்று மணித்தியாலத்துள் கடும் வாந்தியும் வயிற்றோட்டமும் வருத்தும்.

ஆச்சி எண்ணியது புற்றுக்காளானை. அது கறையான் தன் உணவின் பொருட்டுப் புற்றினுள் பேணி வளர்க்கும் பங்கசிலிருந்து எழுவது. பேராதனைப் பூந்தோட்டத்திலே பணியாற்றிய பெட்ச் என்னும் அறிஞர் 1906ஆம் ஆண்டிலேயே கறையான் புற்றுப் பங்கசுக்களை ஆராய்ந்து எழுதினார். மெல்லத் தோண்டினால் அதன் காம்பு வேர்போல நீண்டு புற்றுவரை செல்வதைக் காணலாம். அதன் வித்தித்தூளிலே இளஞ்சிவப்புச் சாயல் இருக்கும்.

பச்சைத் தூள் விழவில்லையெனின் அச்சமில்லை என்று எண்ணிவிடலாகாது. அமனிற்றா இனத்தின் கொடிய காளான்கள் வெண்டூளையே உதிர்ப்பன. அவற்றின் அடியிலுள்ள பை மண்ணுள் மறைந்திருக்கும். காம்பை ஒடித்துப் பறிப்பவர் அதனைக் காணமாட்டார். அந்நஞ்சு சமைத்தாலும் அழியாது. ஆறு மணித்தியாலமோ அதற்கு மேலோ கழிந்த பின்னரே வாந்தி தொடங்கும். இடையில் அது ஈரலைத் தாக்கிக்கொண்டிருக்கும். ஆதலால், ஐயத்துக்குரிய காளானை எவரேனும் உண்டுவிட்டால், நோய்க்குறி தோன்றும்வரை காத்திராது, எஞ்சிய காளானையும் எடுத்துக்கொண்டு உடனே வைத்தியசாலைக்கு விரைதல் வேண்டும்.

மாணவர்களே, மழை விட்டதும் நீங்களும் தாளும் குவளையுமாக இச்சோதனையைச் செய்து பாருங்கள். பின்னர் கையை நன்றாகக் கழுவுங்கள். இது கண்டறிவதற்கே, கறியாக்குவதற்கன்று. பச்சை படிந்த தாளை நெடுநேரம் பார்த்திருந்த ஆச்சி, ஒன்றும் பேசாது சுளகைத் தூக்கிச் சென்று காளான்களைக் குழியிலே கொட்டி மண்ணிட்டு மூடினார்.