வயித்துப் புண்ணும் வயல் நெல்லும்

நெய்யூர் ஆஸ்பத்திரி என்றால் நம்ம பக்கத்துப் பெரியவர்கள் சோமர்வெல் டாக்டரைத்தான் சொல்வார்கள். 1922இல் எவரெஸ்ட் ஏற வந்த வெள்ளைக்காரர். அந்த ஏற்றத்தில் பனிச்சரிவில் செத்தது சுமைதூக்கிகள் ஏழு பேர், வெள்ளையரில் ஒருவருமில்லை. அது அவரை உறுத்தியது, எழுதியும் வைத்தார். பிறகு நெய்யூருக்கு வந்து நோயாளிக் கூட்டத்தைப் பார்த்தவர், இங்கேயே வேலை செய்ய முடிவெடுத்தார். இருபது ஆண்டுக்கு மேல் அறுவை செய்தார், குடற்புண்ணை ஆராய்ந்தார்.

குன்னூரில் மெக்கரிசன் எலிகளுக்குத் திருவிதாங்கூர் ஏழைகளின் மரச்சீனிச் சாப்பாட்டைக் கொடுத்துப் பார்த்தார். எலி வயிற்றிலும் புண்.

பெரும்பாலான புண்ணுக்குக் கிருமிதான் காரணம் என்று 1980களில் தெரிந்தது. சரி. அந்தக் கிருமியும் நெரிசலான குடிசையிலும் சுத்தமில்லாத இடத்திலும்தானே அதிகம் பரவுது?

என் பாட்டி நாஞ்சில் நாட்டு வயலில் நாற்று நட்டவள். ராத்திரிக்கு அவித்த மரச்சீனி. நட்ட நெல்லு யார் பத்தாயத்துக்குப் போச்சு?

கடல் தாண்டி வந்தவருக்கு ஏழு சாவு உறுத்தியது. பத்தாயக்காரருக்கு நம்ம வயிறு உறுத்தவே இல்லை. மருத்துவம் படிக்கும் தோழர்களே, சோமர்வெல்லைக் கொண்டாடுங்கள். நோயாளியிடம் என்ன சாப்பிட்டாய் என்று கேட்கும்போது, நிலம் யாருடையது என்றும் கேளுங்கள்.