தாய்மைக்கு இரண்டு நீதியா?



நீதிமன்றத் தீர்ப்புகள் வழக்கறிஞர்களுக்கு உரியவை என்று நாம் ஒதுங்கிவிடுகிறோம். இவ்விரண்டையும் அருகருகே வைத்துப் பாருங்கள்.

முதலாவது, பியட்ரிஸ் பெர்னாண்டஸ் வழக்கு. அவர் மலேசிய விமான நிறுவனப் பணிப்பெண். கருவுற்றால் பதவி விலக வேண்டும் என்றது கூட்டு ஒப்பந்தம். அவர் மறுத்தார், 1991இல் நீக்கப்பட்டார். 2005இல் கூட்டரசு நீதிமன்றமும் கைவிரித்தது. அரசியலமைப்பின் 8ஆம் விதி கூறும் சமத்துவம் அரசின் செயலுக்கு எதிரான காப்பே. தனியாருக்கு இடையிலான ஒப்பந்தத்துக்கு அது பொருந்தாது என்பதே தீர்ப்பின் சாரம்.

இரண்டாவது, நூர்பாடில்லா வழக்கு. 2009இல் உலு லங்காட்டில் அவருக்குத் தற்காலிக ஆசிரியைப் பணி வழங்கப்பட்டது. கருவுற்றிருப்பது தெரிந்ததும் அது பறிக்கப்பட்டது. 2011இல் ஷா ஆலம் உயர் நீதிமன்றம், இது 8ஆம் விதிக்கு முரணான பாலினப் பாகுபாடு என்றது.

'பாலினம்' என்னும் சொல் அவ்விதியில் சேர்ந்தது 2001இல்தான். பியட்ரிஸ் நீக்கப்பட்டபோது அச்சொல் இல்லை என்பது உண்மையே. ஆயினும் 'தனியார்' என்னும் சுவர் அச்சொல் வந்த பின்னும் இடியவில்லை. அரசுப் பள்ளி ஆசிரியைக்கு அரசியலமைப்பு அரண். பாசிர் கூடாங் தொழிற்சாலையில் உழைக்கும் நம் மாணவனின் தாய்க்கு அவ்வரண் இல்லை. தாய்மை ஒன்றுதானே? நீதி மட்டும் ஏன் இரண்டு?

"சட்டம்தான் திருத்தப்பட்டுவிட்டதே!" என்பீர்கள். ஆம், 2023 சனவரி முதல் மகப்பேற்று விடுப்பு 60 நாளிலிருந்து 98 நாளாக உயர்ந்தது. கருவுற்ற காரணத்திற்காக வேலைநீக்கம் செய்வதும் தடுக்கப்பட்டது. வரவேற்போம். ஆனால் பாகுபாட்டைப் பற்றிய 69எஃப் பிரிவு, தொழிலாளிக்கும் முதலாளிக்கும் இடையிலான தகராறு என்றே பேசுகிறது. நேர்முகத் தேர்வில் "கருவுற்றிருக்கிறீர்களா?" என்று கேட்டுத் திருப்பி அனுப்பப்படும் பெண் இன்னும் தொழிலாளியே ஆகவில்லையே! அவள் எந்தக் கதவைத் தட்டுவாள்?

நீதிமன்றம் அடைத்த வழியை நாடாளுமன்றம் பாதியே திறந்திருக்கிறது. வேலை தேடுவோரையும் காக்கும் தெளிவான சொற்கள் சட்டத்தில் ஏற வேண்டும். தொழிற்சங்கங்களும் பெற்றோர் ஆசிரியர் சங்கங்களும் தங்கள் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினரிடம் இதைக் கேட்க வேண்டும்.

நம் வகுப்பறையில் இன்று எழுத்துக்கூட்டிப் படிக்கும் சிறுமி நாளை வேலைக்கு விண்ணப்பிப்பாள். உரிமை இன்னதென்று அறியாதவளுக்கு எத்தனை தீர்ப்பு வந்தும் பயனில்லை. அறிந்து, அவளுக்கும் அறிவிப்போம்.