பொத்தான் இல்லாத படிவம்

எக்செல் என்றால் கூட்டல் கழித்தல் போடுகிற பெரிய சிலேட்டு என்று நினைப்பவர்கள் நம்மில் நிறையப் பேர். நானும் அப்படித்தான் இருந்தேன். 2023-இல் ஒரு பெரியவர் விஷயத்தில் நான் செய்த தவறுதான் அந்த எண்ணத்தை மாற்றியது.

எங்கள் ஓய்வூதியர் சங்கத்தின் உறுப்பினர் பட்டியல் அப்போது என் பொறுப்பு. நவம்பரில் லைஃப் சர்டிபிகேட் நினைவூட்டலும், 80 வயது நெருங்குபவர்களுக்கு முன்தகவலும் அதை வைத்துத்தான் போகும். 80 நிறைகிற மாதத்தின் முதல் தேதியிலிருந்து அடிப்படை ஓய்வூதியத்தில் 20 சதவீதம் கூடுதலாகக் கிடைக்கும் என்பது உங்களுக்குத் தெரிந்ததே. அந்தப் பெரியவரின் பி.பி.ஓ.வில் பிறந்த தேதி இல்லை. மனு போட்டுத்தான் வாங்க வேண்டும்.

பட்டியலுக்கு முதலில் ஓர் அழகான படிவம் இருந்தது. ஓர் உறுப்பினரின் பேரன் மேக்ரோ எழுதிச் செய்து கொடுத்தான். பச்சைப் பொத்தானை அமுக்கினால் விவரமெல்லாம் பட்டியலில் போய் உட்காரும். பையன் வேலை கிடைத்து வெளிநாடு போய்விட்டான். சங்கத்துக் கணினியும் மாறியது. மின்னஞ்சலில் வாங்கிய கோப்பைத் திறந்தால் சிவப்புப் பட்டை வந்து, மேக்ரோ தடுக்கப்பட்டது என்றது. (மேக்ரோ வழியாக வைரஸ் பரவுகிறது என்று 2022-இலிருந்து இணையத்தில் வரும் கோப்புகளில் மைக்ரோசாஃப்டே தடுக்கிறது. அது தவறென்று சொல்ல மாட்டேன்.) வேறு வழியில்லாமல் நேரே கட்டங்களில் தட்டச்சு செய்தேன்.

பெரியவர் எங்கள் அலுவலகத்தில் பியூனாக இருந்தவர். பிறந்தது 1943 மே 12. நான் 12/5/1943 என்று அடித்தேன். கணினியோ அமெரிக்க வழக்கத்தில் இருந்தது, மாதம் முதலில், நாள் பிறகு. அது டிசம்பர் 5 என்று எடுத்துக்கொண்டது. திரையில் 12/5/1943 என்றே தெரிந்ததால் எத்தனை முறை பார்த்தும் தவறு தென்படவில்லை. மே மாதம் எழுத வேண்டிய மனுவை டிசம்பரில் எழுதினோம். நிலுவை பிறகு வந்துவிட்டது, உண்மைதான். ஆனால் நடுவில் கண் புரை ஆபரேஷனுக்கு மனைவியின் வளையலை அடகு வைத்திருக்கிறார். "மே மாசமே வந்திருக்கணுமாமே சார்?" என்று கேட்டார். கோபமாகக் கூடக் கேட்கவில்லை.

அன்று இரவு என் பிறப்புப் பதிவை எடுத்துப் பார்த்தேன். பிரெஞ்சுக்காரர் காலத்து 'ஆக்த் த நெசான்ஸ்'. அதில் நாள், மாதம், வருடம் எல்லாம் எழுத்தால் எழுதியிருக்கும், எண்ணே கிடையாது. பள்ளியில் அதைப் படித்துச் சிரித்திருக்கிறோம், இவ்வளவு நீளமா என்று. காரணம் இப்போதுதான் உறைத்தது.

மேக்ரோ இல்லாமலே பட்டியலைத் திருத்தினேன். பிறந்த தேதிக்கு மூன்று பத்திகள்: நாள், மாதம், வருடம். மாதத்தில் நினைத்ததையெல்லாம் தட்டச்சு செய்ய முடியாது. டேட்டா வேலிடேஷனில் 'லிஸ்ட்' கொடுத்து, ஜனவரி முதல் டிசம்பர் வரை பெயர்களைத் தேர்ந்தெடுக்கும்படி வைத்தேன். ஆல்ட் விசையோடு கீழ் அம்புக்குறியை அமுக்கினால் பட்டியல் இறங்கும். வருடம் நான்கு இலக்கம் கட்டாயம். முழுத் தேதியாக அடிக்கும்போது வருடத்தை 29 என்று மட்டும் கொடுத்தால் எக்செல் 2029 என்று எடுத்துக்கொள்ளும், 1929-இல் பிறந்தவர் இனிமேல்தான் பிறக்க வேண்டும்! மூன்றையும் சேர்ப்பது டேட் சூத்திரம். பிப்ரவரி 31 என்று கொடுத்தால் அது முணுமுணுக்காமல் மார்ச் 3 ஆக்கிவிடும். அதனால் சேர்த்து வந்த நாளும் அடித்த நாளும் ஒன்றா என்று பார்க்க இன்னொரு பத்தி. ஈடேட் சூத்திரத்தில் 960 மாதம் கூட்டினால் 80 நிறையும் நாள் வந்துவிடும்.

முழுப் பட்டியலையும் கண்ட்ரோல்-டி போட்டு டேபிள் ஆக்கிவிட்டால், புது வரி சேர்க்கும்போது இந்தக் காவலும் சூத்திரமும் தானாகவே கீழே இறங்கும். தாளுக்குப் பூட்டுப் போட்டால் டேபிள் நீளாது, அதனால் பூட்டவில்லை. ஒரே ஓட்டை உண்டு: வேறு இடத்திலிருந்து காப்பி பேஸ்ட் செய்தால் காவல் அழிந்துவிடும். வங்கிக் கணக்கு எண் பத்தியை முதலிலேயே 'டெக்ஸ்ட்' ஆக்குங்கள். 15 இலக்கத்துக்கு மேல் போனால் மீதியை எக்செல் பூஜ்யமாக்கிவிடும்.

'ஃபார்ம்' என்று எக்செல்லுக்குள்ளேயே ஒரு சன்னல் ஒளிந்திருக்கிறது. ரிப்பனில் தெரியாது, க்விக் ஆக்சஸ் டூல்பாரில் நாமே சேர்க்க வேண்டும். ஒவ்வொரு ஆளாகக் காட்டும், தேடும், 32 பத்திகள் வரை தாங்கும். அதில் மாதப் பட்டியல் இறங்காததால், சேர்ப்பதற்கு டேபிள், தேடுவதற்கு ஃபார்ம் என்று வைத்துக்கொண்டேன்.

"மாமா, ஒரே கிளிக்கில முடியறதுக்கு இவ்ளோ சுத்தணுமா?" என்றான் தங்கை மகன். மென்பொருள்காரன். கணினிப் பிரிவு வைத்திருக்கும் பெரிய அலுவலகத்துக்கு அவன் சொல்வது சரி. நம் சங்கத்தில் மேக்ரோ கெட்டால் யாரைக் கூப்பிடுவது? இங்கே சூத்திரம் கண்ணுக்கு முன்னால் கட்டத்திலேயே இருக்கிறது. கெட்டால் யாராவது ஒருவர் உட்கார்ந்து பார்க்கலாம்.

இப்போது பட்டியல் என்னிடம் இல்லை. பொறுப்பேற்ற அம்மையார் பள்ளி ஆசிரியையாக இருந்தவர், கணினி தொட்டே மூன்று வருடம்தான். போன வாரம் பார்த்தேன். 'மகன் கைபேசி' என்று ஒரு பத்தி புதிதாக இருந்தது, பத்து இலக்கம் இல்லாவிட்டால் ஏற்காதபடி காவலும் போட்டிருந்தார். என்னிடம் கேட்கவே இல்லை.